நாற்காலியில் அமர்ந்த உதடு

கதவுப் பட்டறையின் முற்றத்தில் மரம் ஏற்றிய லாரி வந்து நின்றால், மரத்துக்கு முன்பே நாற்காலி ஒன்று வெளியே வரும். முதலாளியின் அறையிலிருந்து அதை இருவர் தூக்கிவந்து, லாரியின் பின்புறத்துக்கு நேரே, அமர்பவர் முகத்தில் வெளிச்சம் முழுதாக விழும்படி போடுவர். அதில் வந்து அமர்பவர் மரம் பார்ப்பவர். முதலாளியே குடை பிடித்துக்கொண்டு அருகில் நிற்பார். குடையின் நிழல் முதலாளியின் தலைக்கு மட்டும் விழும். பார்ப்பவர் முகத்துக்கு விழாது. அதைப் பணிவென்று கருதியோர் உண்டு. உலகில் பேதையர்க்குப் பஞ்சமில்லை.

மரம் பார்ப்பவருக்குப் பட்டறையில் கோணலார் என்று பெயர். வெறும் கோணல் என்றால் வசையாகிவிடும் என்றஞ்சி 'ஆர்' சேர்த்துக்கொண்டார்கள். மலத்தின்மேல் மலர் தூவிவிட்டால் மணக்கும் என்று நம்புகிற கூட்டம் அது.

அவருடைய மேலுதட்டின் வலப்பாதி பிறவியிலேயே மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. ஈறும் ஒரு பல்லும் எந்நேரமும் வெளியே தெரியும். மூக்கின் ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்திருக்கும். மூன்றும் கூடி, எதிரே நிற்பது எதுவாயினும் 'சீ, இதுவும் ஒரு பொருளா?' என்று அவர் கேட்பதுபோலத் தோன்றும். பழம்புலவர்கள் உதட்டுக்குப் பவளத்தையும் கொவ்வைக் கனியையும் உவமையாகத் தேடித் தேடி வைத்தார்கள். சுருண்ட உதட்டுக்கு ஒருவரும் ஓர் உவமை வைத்துப் போகவில்லை. ஆகவே உலகம் தனக்குத் தெரிந்த ஒரே பொருளை அதற்குக் கொடுத்தது: இளக்காரம்.

உள்ளத்திலோ அவரைப்போல் எளியவர் அந்தத் தெருவிலேயே இல்லை. எவரையும் இகழ்ந்தறியாதவர், இகழத் தெரியாதவர் என்பதே சரி.

ஒருநாள் வந்த மரம் உண்மையிலேயே நல்ல மரம். விரல் கணுவால் தட்டினார், கணீரென்றது. கத்திமுனையால் கீறி முகர்ந்தார்.

"எப்படி பெரியவரே இருக்கு?" என்றான் மர வியாபாரி.

"நல்ல மரங்க. நல்லா வைரம் பாஞ்சிருக்கு. இறக்கிடலாம்."

வியாபாரி மரத்தைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தான். "குத்திக் காட்டாதீங்க பெரியவரே. புடிக்கலைன்னா புடிக்கலைன்னு நேரா சொல்லுங்க."

"நிஜமாத்தாங்க சொல்றேன்."

"அதான் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கே!" என்றவன் ஓட்டுநர் பக்கம் திரும்பினான். "கதவைச் சாத்துப்பா. நாளைக்கு வேற லோடு கொண்டாருவோம்."

முதலாளி குடையை மறு கைக்கு மாற்றினார். மறுநாள் அதனினும் சிறந்த மரம் வந்தது. கோணலார் மனம் பூரித்தார். தம் கண்ணுக்கும் காதுக்கும் வியாபாரிகள் அஞ்சுகிறார்கள் என்றே அந்த வெகுளி எண்ணியிருந்தார். அதனால் பதினோர் ஆண்டுகளாக முதலாளியிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுவந்தார்: தம் கையெழுத்து இல்லாமல் ஒரு பலகையும் பட்டறைக்குள் வரக்கூடாது, அந்த அதிகாரத்தை எழுத்தில் தரவேண்டும். சம்பள உயர்வு கேட்கவில்லை. தாம் மரம் அறிந்தவர் என்பதற்கு ஒரு சாட்சி கேட்டார். "ஆகட்டும் அண்ணே, பாக்கலாம்" என்பார் முதலாளி. பதினோர் ஆண்டும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், உதட்டை.

அந்த உதட்டை வைத்துக்கொண்டு வாழ்வது எளிதாக இருந்ததில்லை. தண்ணீர் குடித்தால் வலக்கடைவாயில் ஒழுகும். ஆகவே பிறர் முன்னிலையில் அவர் தாகத்தை அடக்கிக்கொள்வார். காற்றடித்தால் திறந்திருக்கும் பல் கூசும். நிழற்படம் எடுப்போர், "கொஞ்சம் சிரிங்க" என்பர். சிரித்தால், "வேண்டாம், சும்மாவே இருங்க" என்பர். உறவில் ஒருவர் இறந்தபோது துக்கம் கேட்கப் போனார். கண் கலங்க நின்றவரை இறந்தவரின் மூத்த மகன் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்து, "எங்கப்பா உங்களுக்கு என்ன துரோகம் பண்ணினாரு? செத்தப்புறமுமா இப்படிப் பாப்பீங்க?" என்று கேட்டான். அன்றிலிருந்து இழவு வீடுகளுக்குக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே போவார். அதற்கும், "நாத்தம் தாங்கலையாம் துரைக்கு" என்றார்கள். நாய் வாலை நிமிர்த்தினாலும் நிமிர்த்தலாம். மனிதர் நாக்கை நிமிர்த்த முடியாது.

அவர் மனைவி ஒருத்திதான் அதைக் கேலிப்பொருளாக்கி இலேசாக்கிவிட்டவள். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என்னை ஏற இறங்க ஒரு பார்வை பாத்தீங்களே! என்கிட்ட அப்படி என்ன குறையைக் கண்டுட்டான் இந்த மனுஷன்னு தெரிஞ்சுக்கத்தான் கட்டிக்கிட்டேன். இருபத்தாறு வருஷமாச்சு, இன்னும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறீங்க" என்பாள்.

பல் வலி பொறுக்காமல் ஒருநாள் பல் மருத்துவரிடம் போனார். அவர் பார்த்துவிட்டு, காற்றுப் பட்டுப் பட்டு ஈறு உலர்ந்து பல்லின் வேர் அழுகுகிறது, உதட்டை இறக்கினாலன்றித் தீராது என்று அறுவை மருத்துவரிடம் அனுப்பினார். அந்த மருத்துவர் உதட்டின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்து, "உள்ள ஒரு நார் குட்டையா இருக்கு, அவ்வளவுதான். அறுத்து விட்டு நாலு தையல். இதுக்கா இத்தனை வருஷம் கஷ்டப்பட்டீங்க?" என்றார்.

முதலாளியிடம் விடுப்புக் கேட்கப் போனார்.

"இந்த வயசுல எதுக்கு அண்ணே அழகு?"

"அழகுக்கு இல்லைங்க. பல்லு அழுகுது."

"அப்ப பல்லைப் புடுங்கிடுங்க. உதடு பாட்டுக்கு இருக்கட்டும்."

முதலாளி தம் நலத்தில் அக்கறை கொண்டு கத்தியைத் தடுக்கிறார் என்று எண்ணி அவர் உருகிப்போனார். ஆயினும் வலி உருக்கத்துக்கு இடங்கொடுக்கவில்லை. விடுப்பு எடுத்தார், உதடு இறங்கியது.

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து கண்ணாடியில் ஒரு புதியவர் நின்றார். கன்னம் அமைதியாக இருந்தது. கடைவாய் ஓரம் சிறிதே மேலேறி, எப்போதும் மெல்ல முறுவலிப்பது போன்ற சாயல். 'ப', 'ம' என்னும் எழுத்துகள் இரண்டு உதடும் கூடிப் பொருந்தினாலன்றிப் பிறவாதவை. ஐம்பத்திரண்டு ஆண்டு அவற்றைப் பல்லை வைத்துச் சமாளித்தவர், இப்போது தனியறையில் நின்று "அம்மா, அப்பா, மாமா, மரம்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மனைவி கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "வேத்து ஆம்பளை வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரி எனக்குக் கூச்சமா இருக்குங்க" என்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

உறவினர் கூட்டம் கூட்டமாக வந்தனர். மனைவியின் தங்கை அவர் எதிரே உட்கார்ந்து, "இப்பத்தான் அத்தான் தெரியுது உங்க மனசு எவ்வளவு நல்ல மனசுன்னு" என்றாள். அந்த மனம் இருபத்தாறு ஆண்டும் அதே இடத்தில்தான் இருந்தது. நான்கு தையலில் ஒருத்திக்கு ஞானக்கண் திறக்குமானால், தவம் செய்த முனிவரெல்லாம் வீணே காட்டுக்குப் போனார்கள்.

அவர் பட்டறைக்குத் திரும்பிய வாரம், புதிதாக எழும்பும் மருத்துவமனைக் கட்டடம் ஒன்றுக்கு முந்நூறு கதவுகள் செய்துதரும் வேலை தொடங்கியிருந்தது. அதற்கான மரத்தோடு அதே வியாபாரியின் லாரி வந்தது. நாற்காலி வந்தது, குடை வந்தது. கோணலார் முதல் பலகையைத் தட்டினார், பொத்தென்றது. இரண்டாவதும் அப்படியே. கத்திமுனையை வைத்தார். மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்திருந்த ஊசித்துளை ஒன்று விட்டுக்கொடுக்க, உள்ளிருந்து வெண்மாவு கொட்டியது.

"இது உளுத்த மரங்க. உள்ள பூச்சி உயிரோட இருக்கு. ஒரு பலகை இறக்கக் கூடாது" என்றார். வாழ்நாளில் அவ்வளவு கடுமையாக அவர் பேசியதில்லை.

வியாபாரி வழக்கம்போல் முகத்தைப் பார்த்தான். அது முறுவலித்துக்கொண்டிருந்தது. அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். "பெரியவர் இன்னைக்கு நல்ல மூடுல இருக்காரு! விளையாட்டு காட்டறாரு."

"விளையாடலைங்க. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"அட, சிரிச்சுக்கிட்டே சொல்றாரு பாருங்க முதலாளி! இன்னொரு தடவை சொல்லுங்க பெரியவரே, காதுக்கு இதமா இருக்கு."

முதலாளி குடையை மடக்கிவிட்டுக் கோணலாரை லாரியின் மறுபக்கம் அழைத்துப் போனார். "அண்ணே, கொஞ்சம் தூக்குங்க."

"எதைங்க?"

"உதட்டை. முன்ன மாதிரி."

கோணலார் முயன்றார். அவர் வெகுளித்தனத்துக்கு அதைவிடச் சான்று வேண்டா. கன்னம் துடித்தது, மூக்கு விடைத்தது, கண் சுருங்கியது. எட்டிப் பார்த்த ஓட்டுநர், "ஐயாவுக்குத் தும்மல் வருது போல, தள்ளி நில்லுங்க" என்றான். முதலாளி வேறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, கெடு இருக்கு, இறக்குங்கப்பா" என்றார்.

மரம் இறங்கியது. கோணலார் முதலாளியின் அறைக்குப் போனார்.

"உளுத்த மரம்னு சொன்னேனே, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் அண்ணே. அவன் நம்பலையே."

"நீங்க நம்பலாமே!"

முதலாளி மேசைமேல் இருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். "ஒளிவு மறைவில்லாம சொல்லிடறேன். மரம் பாக்க நம்ம தலைமைத் தச்சர் போதும். தெருவுல போறவனும் தட்டிப் பாத்துச் சொல்லிடுவான். உங்களுக்கு நாற்காலி போட்டது உங்க உதட்டுக்கு அண்ணே. அதைப் பாத்தாலே வர்றவன் எல்லாம் தானா குறுகிப் போயி நல்ல மரத்தைக் கொண்டாந்து போட்டான். நீங்க என்ன சொன்னீங்கன்னு ஒருத்தனும் காதுல வாங்கினதில்லை. நானும் வாங்கினதில்லை."

கோணலார் எதிரே இருந்த நாற்காலியில் அமர்ந்தார். முதலாளி அதை இசைவின் முதற்படி என்று எடுத்துக்கொண்டார்.

"உங்க டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். பழையபடி இழுத்து ஒரு தையல் போட முடியுமான்னு கேட்டேன், மனுஷன் போனை வச்சுட்டாரு. போகட்டும், வேற டாக்டர் இருக்காரு. செலவெல்லாம் நம்ம பட்டறை. நீங்க முடிச்சுட்டு வாங்க. அந்தக் கையெழுத்து அதிகாரம் கேட்டீங்கள்ல? அன்னைக்கே எழுதித் தரேன். உங்க கையெழுத்து இல்லாம ஒரு குச்சி உள்ள வராது."

பதினோர் ஆண்டு தவம் செய்து கேட்ட வரம். அதைத் தரும் தெய்வத்தின் தகுதி இவ்வளவு. ஒருநாள் அவகாசம் கேட்டுக்கொண்டு கோணலார் எழுந்தார்.

வெளியே பட்டறையில் இழைப்புளிகள் ஓடிக்கொண்டிருந்தன. சுருள் சுருளாக வரவேண்டிய சீவல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தலைமைத் தச்சர் துளைகளை மெழுகால் அடைத்து மேலே வண்ணம் பூசச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியலையா?" என்றார் கோணலார்.

"தெரியாம என்ன அண்ணே! ரெண்டு வருஷம் தாங்கும். அதுக்குள்ள நான் எங்கயோ, நீங்க எங்கயோ."

"ஆஸ்பத்திரிக் கதவுங்க. உள்ள நோயாளி இருப்பான்."

"நோயாளி கதவையா கடிச்சுத் திங்கப் போறான்?" என்றார் தச்சர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். உளியைக் கையில் பிடித்த காரணத்தால் தம்மைப் படைப்புக் கடவுளின் குலம் என்று பேசிக்கொள்வோர் இவர்கள்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்த கையோடு கேட்டாள்.

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"கையெழுத்து கைக்கு வந்துட்டா இனிமே ஒரு உளுத்த கட்டையும் உள்ள விட மாட்டேன். அது நல்லதுதானே? வாய் ஒழுகும், அவ்வளவுதான். பழகினதுதானே?"

"எனக்கும் அந்த மூஞ்சி பழக்கம்தான். அதோடதானே குடித்தனம் பண்ணேன்!" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு சொல்றேன். அது ஆண்டவன் குடுத்த மூஞ்சி, கையெடுத்துக் கும்பிட்டு வச்சுக்கிட்டோம். இப்ப நீங்க தச்சுக்கிட்டு வரப்போறது அந்த ஆள் குடுத்த மூஞ்சி. அதை என் வீட்டுக்குள்ள விட மாட்டேன். அப்புறம், கையெழுத்துப் போடுறது நீங்கன்னு நினைச்சீங்களா? அப்பவும் உதடுதான் போடும்."

கடைசி வாக்கியத்தில் கோணலார் நிமிர்ந்தார். தாம் ஒரு பகல் முழுதும் தட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்காத துளையை அவள் அரிசி களையும் கையோடு கண்டுவிட்டாள்.

மறுநாள் காலை முதலாளியின் அறையில் வியாபாரியும் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தான். கோணலார் நின்றபடியே சொன்னார்: "முடியாதுங்க. நான் வேலையை விட்டுப் போறேன். உங்களை நினைச்சா எனக்கு அருவருப்பா இருக்கு."

முதலாளி தலையசைத்துப் புன்னகைத்தார். அம்முகத்திலிருந்து அச்சொல் வரும் என்று அவருடைய காது எதிர்பார்க்கவில்லை. "அதுக்கென்ன அண்ணே, மெதுவா போயிட்டு வாங்க. டாக்டர் விலாசம் எழுதித் தரேன்."

கோணலார் மேசையில் இரு கைகளையும் ஊன்றிக் குனிந்து, சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "அருவருப்பு. புழு நெளியற இடத்தைப் பாத்தா வருமே, அது. இப்ப நேரா அந்தக் கட்டடத்துக்குத்தான் போறேன். உங்க மரத்தைப் பத்திச் சொல்லப் போறேன். சொல்லாம போனேன்னு இருக்க வேண்டாம்."

இம்முறை புரிந்தது. முதலாளியின் முகம் கறுத்தது. வியாபாரி மட்டும் மகிழ்ச்சி குன்றாமல் எழுந்துவந்து கோணலாரின் தோளில் கை வைத்தான். "போறதுதான் போறீங்க, என்கிட்ட வந்துடுங்க பெரியவரே. இந்த முகத்தை லாரி முன்னாடி உக்கார வச்சா விறகுக் கட்டையைக்கூடத் தேக்குன்னு வித்துடலாம்."

ஒருவனுக்கு இகழும் முகம் வேண்டும். மற்றவனுக்கு அருளும் முகம் வேண்டும். கண் இருவருக்கும் வேண்டா. தோளிலிருந்த கையைத் தூசியைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டுக் கோணலார் வெளியேறினார். கழிவுக் குவியலில் கிடந்த ஒரு சாண் பலகைத் துண்டை எடுத்துத் தோள்துண்டில் முடிந்துகொண்டார்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தகரக் கூரையிட்ட அறை ஒன்றில் பொறியாளர் அம்மாள் அமர்ந்திருந்தார். வரைபடத்தின்மேல் குனிந்த தலை நிமிரவில்லை.

"சொல்லுங்க."

"கதவுப் பட்டறையில மரம் பாத்துக்கிட்டு இருந்தேம்மா. உங்க கதவுக்கு வாங்கின மரம் உளுத்தது."

"எப்படித் தெரியும்?"

கோணலார் முடிச்சை அவிழ்த்துப் பலகையை எடுத்து, வரைபடத்தின் வெற்றிடத்தின்மேல் பிடித்து, இரு கையாலும் முறித்தார். கொழுக்கட்டை மாவுபோல் வெள்ளைத் தூள் கொட்டியது. அதனுள் எள்ளளவு கரிய வண்டு ஒன்று கால் உதறிப் புரண்டெழுந்தது. பொறியாளர் விரல் நுனியால் தூளைத் தொட்டுத் தேய்த்தார், துளைகளைப் பேனா முனையால் எண்ணினார், முகர்ந்தார். அத்தனை நேரமும் அவர் கோணலாரின் முகத்தை ஒருமுறையேனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"மெழுகு வச்சு அடைச்சிருக்காங்க," என்றார்.

"ஆமாம்மா. மரத்தூளும் சேர்த்து."

"எத்தனை கதவு இதுல போயிருக்கும்?"

"நேத்து ஒரு நாள்ல நாற்பது கதவுக்கு இழைச்சிருக்காங்க. மிச்சம் பலகையா அடுக்கியிருக்கு. நல்ல பலகை அதுல பத்துக்கு ஒண்ணு தேறும். தட்டிப் பிரிச்சுக் குடுக்க முடியும்."

"உக்காருங்க. இப்ப சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க." ஒரு காகிதத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

கோணலார் எழுதினார். பலகையின் நீளம், தடிப்பு, தட்டிய ஓசை, துளையின் அளவு என்று ஒன்று விடாமல் எழுதினார். அடியில் தம் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டார். உலகத்தில் அதைப் படிக்கப்போகிறவர் ஒருவராவது இருந்தார்.

முக்கால் மணியில் முதலாளி வந்து சேர்ந்தார். வாசலிலிருந்தே குழைந்துகொண்டு வந்தார். "பெரியவருக்கு உடம்பு சரியில்லைம்மா. முகத்துல ஆபரேஷன் ஆச்சு. அதுலேர்ந்து ஒரு மாதிரியா பேசறாரு. நீங்களே பாருங்க, காரணமில்லாம சிரிச்சுக்கிட்டு..."

"கையை நீட்டுங்க," என்றார் பொறியாளர்.

முதலாளி வலக்கையை நீட்டினார். பொறியாளர் வரைபடத்தை மடித்துத் தூக்கி, அதிலிருந்த தூளையெல்லாம் அந்த உள்ளங்கையில் சரித்தார். வண்டு வெளியே வந்து பெருவிரல் அடியில் நடந்தது. விஷயம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அறிய முதலாளி, பழக்கதோஷம், கோணலாரின் முகத்தைப் பார்த்தார்.

"அங்க என்ன பாக்கறீங்க?" என்றார் பொறியாளர். "கையைப் பாருங்க."